மச்சானின் ஆட்கள்

பொங்கல் நெருங்க நெருங்க யுகேந்திரனுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மச்சான் திவாகர் மயிலாடுதுறையிலிருந்து சீரோடு வந்து இறங்குவான். பித்தளைப் பானை, பச்சரிசி, மஞ்சள் கொத்து, தங்கைக்குப் புடவை. அதில் யுகேந்திரனுக்கு ஒரு குறையும் இல்லை. காணும் பொங்கல் முடிந்த கையோடு அண்ணனும் தங்கையும் தஞ்சாவூர் மருத்துவமனைக்குக் கிளம்புவார்கள். காலையில் அவன் ஒரு கட்டிலில் படுப்பான். மாலையில் அவள் இன்னொரு கட்டிலில் படுப்பாள். அவனிடமிருந்து எடுத்ததை அவளுக்கு ஏற்றுவார்கள். மறுநாள் வீடு திரும்பும் மனைவி தர்ஷினியை அடுத்த மார்கழி வரை யுகேந்திரன் தொட முடியாது.

தொட்டால் தோல் தடித்துவிடும். அவனுக்கு அல்ல, அவளுக்கு.

கதை அவள் அம்மாவிலிருந்து தொடங்குகிறது. அம்மா மார்பகப் புற்றில் போனாள். அதற்கு முன்பே சித்தி சினைப்பைப் புற்றில் போயிருந்தாள். கருமாதி முடிந்ததும் அண்ணன் தங்கை இருவரையும் உட்காரவைத்து ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் ரெஜினா திரையில் எதையும் காட்டவில்லை. வாயாலேயே சொன்னார்.

"நம்ம உடம்புக்குள்ள தினமும் ஏதாவது உடையும். ஒட்டுப் போடுறதுக்குன்னு ஒரு மரபணு இருக்கு. உங்க அம்மாகிட்ட அது ரெண்டு பிரதி இருந்துச்சு. ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. உங்களுக்கு வந்தது பழுதானது."

"அண்ணனுக்கு?" என்றாள் தர்ஷினி.

"நல்லது."

திவாகர் தலையைக் குனிந்துகொண்டான். ஏதோ தங்கையின் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுவிட்டவன்போல. யுகேந்திரனுக்கு அந்தக் குனிவு இன்றுவரை மறக்கவில்லை. அன்றைக்கு அவனுக்கு மச்சானைப் பிடித்திருந்தது.

"முன்னெல்லாம் வெட்டி எடுத்துடுவாங்க. வர்றதுக்கு முன்னாடியே மார்பையும் சினைப்பையையும் எடுத்துடுறது. இப்ப அது வேண்டாம். பழுது இல்லாத, ரத்தம் பொருந்துற கூடப்பிறந்தவங்க யாராவது இருந்தாப் போதும். அவங்க உடம்புல இருக்கிற காவல் செல்லை எடுத்து, புற்றைக் கண்டா அடிக்கணும்னு பழக்கி, உங்களுக்கு ஏத்துவோம். ஒரு வருஷம் உள்ள சுத்தி வரும். அப்புறம் செத்துடும். அடுத்த வருஷம் புதுசா ஏத்தணும்."

நாலு பேரில் ஒருவருக்குத்தான் பொருந்துமாம். திவாகருக்குப் பொருந்தியது. தர்ஷினி அழுதாள், திவாகர் அழுதான், யுகேந்திரனும் அழுதான். அப்போது யாருக்கும் இறால் நினைவுக்கு வரவில்லை.

முதல் முறை ஏற்றிக்கொண்டு வந்த மூன்றாம் நாள். குட்டையில் தீவனம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த யுகேந்திரன் அடுப்படியில் நின்றிருந்தவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு கழுத்தில் முகத்தை வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து இருக்கும் பழக்கம்தான். அரை மணி நேரத்தில் அவள் கழுத்து சிவந்தது. அவன் விரல் பட்ட இடமெல்லாம் விரல் விரலாகவே தடித்தது. சாயங்காலம் கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு முகம் வீங்கி, மூச்சு இழுத்தது.

டாக்டர் ரெஜினா ஊசி போட்டுப் படுக்கவைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க அண்ணனுக்கு ஏதாவது ஒத்துக்காதா?"

"எறா," என்றாள் தர்ஷினி. "சின்ன வயசுலேருந்தே. ஒரு தடவ கல்யாண வீட்ல தெரியாமத் தின்னுட்டு உதடு இட்லி மாதிரி ஆயிடுச்சு."

"அதான். செல்லெல்லாம் அவர் உடம்புல வளர்ந்தது. அவருக்கு எது பகையோ அதுங்களுக்கும் அதுதான் பகை. புற்றை மட்டும் அடின்னு சொல்லி அனுப்புறோம். பழைய பகையையும் கூடவே தூக்கிட்டு வந்துடுச்சு."

"நான் எறாவே திங்கல டாக்டர்."

டாக்டர் யுகேந்திரன் பக்கம் திரும்பினார். "சார் என்ன பண்றீங்க?"

"எறாப் பண்ணை," என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"நல்லாக் கழுவிட்டு வாங்க. குட்டைக்குப் போட்ட துணியோட வீட்டுக்குள்ள வராதீங்க. ஆனா அது தோல்ல ஊறிப்போயிருக்கும், நகக்கண்ணுல இருக்கும். முழுசாப் போகணும்னா…" டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "வேற தொழில் பார்க்க முடியுமா?"

"மச்சானுக்கு ஒத்துக்கலேங்கிறதுக்காக நான் குட்டைய மூடணுமா?"

"உங்க மனைவிக்கு ஒத்துக்கலைங்க."

"இல்ல டாக்டர். அவளுக்கு ஒத்துக்கும். அஞ்சு வருஷமா ஒத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒத்துக்காதது அவனுக்கு."

அந்த வாக்கியத்தை அன்றைக்குச் சொன்னதோடு விட்டிருக்கலாம். அவன் விடவில்லை. அதை மனசுக்குள் வைத்து வளர்த்தான். திருமுல்லைவாசலுக்குத் தெற்கே, கடல் உள்ளே வந்து நெல்லுக்கு ஆகாமல் போன நிலத்தில் அவன் வெட்டிய ஆறு குட்டைகளையும்விட அது நன்றாக வளர்ந்தது.

அவன் சும்மா இருந்தான் என்று சொல்ல முடியாது. எலுமிச்சை தேய்த்தான், பயத்தமாவு தேய்த்தான், வெந்நீரில் தோல் வெளுக்கக் குளித்தான். கையுறை போட்டுக்கொண்டு மனைவியின் தலையை ஒரு நாள் தடவிக் கொடுத்தான். மாட்டு டாக்டர் மாதிரி இருக்கிறது என்று அவளே எடுத்துவிடச் சொன்னாள். ஏற்றிய செல்கள் ஓய்ந்துபோகும் கடைசி மாதத்தில் மட்டும் தடிப்பு வராது. ஊரில் மார்கழியில் எந்த நல்ல காரியமும் வைக்கமாட்டார்கள். அவர்களுக்கு அந்த ஒரு மாதம்தான் தாம்பத்தியம். தை பிறந்தால் மச்சான் சீரோடு வந்துவிடுவான்.

பொறாமை வினோதமான கணக்குப்பிள்ளை. இல்லாத வரவையெல்லாம் எழுதிக்கொள்ளும். தர்ஷினி சோற்றைப் பிசைந்து ஓரத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு சாப்பிடுவது திவாகரைப் போலவே இருப்பதை இப்போது கவனித்தான். அவள் கல்யாணத்தன்றும் அப்படித்தான் சாப்பிட்டாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எழுதிக்கொண்டான். அவள் தும்மினால், மச்சான் தும்முகிறான் என்று தோன்றியது. அவள் தூங்கும்போது பார்த்துக்கொண்டிருப்பான். அந்தத் தோலுக்கு உள்பக்கம் மச்சானின் ஆட்கள் கம்பு ஊன்றிக்கொண்டு ரோந்து போகிறார்கள். இவன் விரல் நீண்டால் விசில் அடிப்பார்கள்.

ஊருக்கு இதெல்லாம் தெரியாது. ஊருக்குத் தெரிந்தது தியாகம். அதற்குள் பல குடும்பங்களில் இந்தக் காவல் வந்துவிட்டிருந்தது. காவல் கொடுக்கும் அண்ணனுக்குக் கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி. பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண் என்ன படித்திருக்கிறாள் என்பதற்கு முன்னால் "கூடப் பொறந்தது எத்தனை?" என்று கேட்டார்கள். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்த பெண்களைத் தள்ளிவிட்டுப் போனார்கள். எவ்வளவு புதிய சரக்கு வந்தாலும் நம் ஆட்கள் அதைப் பழைய மூட்டையில்தான் கட்டுவார்கள். மருத்துவமனையில் நடக்கிற ஒரு காரியம் மூன்றே வருடத்தில் பிறந்த வீட்டுச் சீர் ஆகிவிட்டது.

யுகேந்திரனின் பிள்ளைகள் நறுமுகைக்கும் சின்னவன் இனியனுக்கும் வைகாசியில் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அது மாறவில்லை. மண்டப வாசலில் திவாகரின் கூட்டாளிகள் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அசையும் ஃபிளெக்ஸ். ஆள் உயரத் திவாகர் வேட்டி சட்டையில் கும்பிட்டான், சிரித்தான், மறுபடி கும்பிட்டான். "தங்கைக்கு உயிர் தந்த தாய்மாமன் வருக வருக." கீழே மூலையில் நீள்வட்டத்துக்குள் யுகேந்திரன் படம். பழைய ஆதார் அட்டைப் படம். அது அசையவில்லை.

பன்னிரண்டு தட்டுச் சீர் வந்தது. பிள்ளைகள் மாமன் மடியில் அழுது முடித்தார்கள். மைக்கை யாரோ திவாகர் கையில் கொடுத்தார்கள். சோலார் தகடு விற்கிறவன், பேசத் தெரிந்தவன்.

"எல்லாரும் என்னமோ நான் பெருசாச் செஞ்சுட்ட மாதிரி சொல்றீங்க. ஒரு நாள் படுத்து எந்திரிக்கிறேன், அவ்வளவுதான். மத்தத எல்லாம் உள்ள இருக்கிற நம்ம பசங்க பார்த்துக்குவானுங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். நம்ம பசங்க ரொம்பக் கண்டிப்பு. மாப்ளையே கிட்ட வந்தாக்கூட விடமாட்டேங்கிறானுங்க. என்ன மாப்ள, உண்மைதானே?"

மண்டபம் சிரித்தது. விஷயம் தெரியாதவர்களும் சிரித்தார்கள். பந்தியில் இருந்த ஒருவர் "அப்ப ரெண்டு புள்ளையோட ஸ்டாப்பா?" என்று கேட்டது மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. தர்ஷினி குனிந்தபடி பையன் காதில் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

யுகேந்திரன் மேடை ஏறினான். முதல் தட்டை, பட்டும் தோடும் இருந்ததை, எடுத்துத் திவாகரின் கையில் திணித்தான்.

"சீரையும் எடுத்துக்க. உன் ஆளுங்களையும் கூட்டிக்கிட்டுப் போ."

ஃபிளெக்ஸில் திவாகர் மட்டும் சிரித்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

சீரைத் திருப்பிவிட்டால் உறவு அறுந்தது என்று அர்த்தம். திருப்பினவன் வெற்றிலை பாக்கோடு போய் அழைக்காமல் தாய்மாமன் அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. புருஷன் அவமதித்த அண்ணன் வீட்டுக்குப் பெண்டாட்டி தனியாகப் போய் நிற்கவும் கூடாது. எழுதிவைத்த சட்டமல்ல, அதனால்தான் மீறுவது கஷ்டம். காவல் ஏற்ற மருத்துவமனைக்கு யுகேந்திரனின் கையெழுத்து தேவையில்லை. தேவைப்பட்டது ஒரு தாம்பூலத் தட்டு.

அடுத்த மார்கழி வந்தது. வழக்கம்போல் தடிப்பு நின்றது. பொங்கலும் வந்தது. சீர் வரவில்லை.

"அண்ணன் போன் பண்ணுச்சு," என்றாள் தர்ஷினி. "மாப்ள ஒரு வார்த்தை சொன்னாப் போதும், தஞ்சாவூருக்கு ஓடி வந்துடுறேன்னுச்சு."

"பாக்கலாம்."

"டாக்டரம்மாவும் ஆள் விட்டுக் கேட்டாங்க."

"பாக்கலாம்னு சொல்றேன்ல?"

மாட்டேன் என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். பாக்கலாம் என்பதோடு யாரும் சண்டை போட முடியாது.

தையில் அவளைத் தொட்டான். மாசியில் தொட்டான். பங்குனியில் ஒரு நாள் குட்டையில் அறுவடை முடிந்து, கை நிறைய உப்பும் சேறும் இறால் ஓடுமாக வந்தவனை அவள் குளிக்கவிடாமல் அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அவளே இறால் தொக்கு செய்தாள். வருடக்கணக்கில் வாயில் வைக்காதவள் சட்டியை வழித்துத் தின்றாள். பிள்ளைகள் அம்மாவை அதிசயமாகப் பார்த்தார்கள். அவள் முதுகில் அவன் உள்ளங்கையை வைத்து அழுத்துவான். எடுப்பான். சுத்தமான தோல். காவலுக்கு ஒருத்தன்கூட இல்லை. வீடு முழுக்க அவனுடையது.

அதன் அர்த்தம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவன் கை அவளைச் சுடாத ஒவ்வொரு நாளும் அவளுக்குள் கதவு திறந்து கிடக்கிற நாள். அவன் சந்தோஷமும் அவள் ஆபத்தும் ஒரே செடியில்தான் காய்த்தன. தெரிந்தேதான் பறித்தான். குட்டையை மூடியிருந்தால் மச்சானின் ஆட்களும் இருந்திருப்பார்கள், இவனும் தொட்டிருக்கலாம். அந்த யோசனை வரும்போதெல்லாம் எழுந்துபோய்க் குட்டைத் தண்ணீரைக் கடைந்து காற்றேற்றும் சக்கரம் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்ப்பான்.

ஆவணியில் அவள் தானாகவே தஞ்சாவூருக்குப் போய் மார்பைப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"இடது பக்கம். கடலைப் பருப்பு அளவு."

அவன் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தான்.

"வெட்டி எடுத்துடணுமாம். பாதி இல்ல, முழுசா. அதுக்கப்புறம் காவல் இல்லாம ஒரு நாள்கூட இருக்கக் கூடாதுன்னாங்க. இனி பாக்கலாம்னு சொல்லாதீங்க."

மறுநாள் அவன் குளித்து வெள்ளை வேட்டி கட்டினான். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பூ வைத்த தட்டை ஒரு துணியால் மூடிக்கொண்டு மயிலாடுதுறைக்குப் பேருந்து ஏறினான். ஓட்டுநர் இல்லாத பேருந்து. பேச்சுக் கொடுக்க ஆள் இல்லை. மச்சான் என்னென்ன கேட்பான், எப்படியெல்லாம் நிற்க வைப்பான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனான். கேட்கட்டும் என்றிருந்தது. நாலு பேர் முன்னால் கேட்டால் இன்னும் நல்லது. கணக்கு ஓரளவு நேராகும்.

திவாகர் வீட்டு வாசலில் கால் வைத்ததும் நின்றான். மூக்கு நிறுத்தியது. இந்த வாசனையை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இறால் வறுபடுகிறது. இந்த வீட்டிலா?

கதவைத் திறந்தவள் திவாகரின் மனைவி மோனிஷா. தட்டைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வாங்கண்ணே. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

உள்ளே சாப்பாட்டு மேசையில் திவாகர் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு சின்னக் கிண்ணத்தில் வறுத்த இறால். பக்கத்தில் ஊசி மருந்து, தண்ணீர். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. கழுத்தில் தடிப்புகள் தேய்ந்து தேய்ந்து நிறம் மாறிப்போயிருந்தன. யுகேந்திரனைக் கண்டதும் திருட்டுத் தீனி தின்றவன்போலக் கிண்ணத்தைக் கையால் மறைத்தான்.

"வாங்க மாப்ள. உக்காருங்க."

"என்ன மச்சான் இது?"

"அது சும்மா…"

"சும்மாவா?" என்றாள் மோனிஷா. "நான் சொல்றேன். போன வருஷம் வைகாசில காதுகுத்து முடிஞ்சு வந்த மறுவாரம் ஆரம்பிச்சாரு. எறாவக் காய வச்சுப் பொடி பண்ணி, மொதல்ல ஊசி முனையளவு. அதுக்கே மூஞ்சி பூசணிக்கா. அப்புறம் கடுகளவு. ரெண்டு தடவ மூச்சு நின்னு ஆஸ்பத்திரில குழாய் மாட்டி வச்சிருந்தாங்க. இப்ப முழுசா மூணு எறா திங்கிறாரு. அந்த டாக்டரம்மா சொல்லுச்சாம், உடம்பு கொஞ்சங் கொஞ்சமாப் பழகிட்டா, இவர்கிட்டேருந்து எடுக்கிறதும் பழகித்தான் இருக்கும்னு. ஏத்தினாலும் உங்க பொண்டாட்டிக்குத் தடிக்காதாம்."

யுகேந்திரன் தட்டைப் பிடித்தபடி நின்றான்.

"எனக்கு எறான்னா உயிருண்ணே," என்று மோனிஷா தொடர்ந்தாள். குரல் உயரவில்லை, கூர்மையானது. "கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம். இந்த வீட்ல எறா வாசம் வந்ததில்ல. எனக்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள், நக்கிப் பார்த்திருப்பாரா? தங்கச்சிக்குச் சளி பிடிச்சுடும்னு மழையில நனைய மாட்டாரு. தங்கச்சிக்கு ஆகாதுன்னு ஒரு பீடி கிடையாது, ஒரு தண்ணி கிடையாது. நல்ல புருஷன்னு எங்கம்மா சொல்லும். யாருக்கு நல்லவருன்னு எனக்குத்தான் தெரியும். நான் குடும்பம் நடத்துறது இவரோட இல்ல. உங்க பொண்டாட்டியோட உடம்போட."

"சும்மா இரு மோனி."

"நான் சும்மாத்தான் இருக்கேன். பன்னெண்டு வருஷமா."

அவள் உள்ளே போய்விட்டாள். தன்னைப்போல எரிகிற இன்னொரு வயிறு இந்த உலகத்தில் இருப்பது யுகேந்திரனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அது ஆறுதலாக இல்லை.

திவாகர் தொண்டையைச் செருமினான். "மேடைல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாப்ள. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து யோசிச்சாத்தான் அசிங்கமா இருந்துச்சு. தங்கச்சியப் பத்தி எவன் அப்படிச் சொல்லுவான்? அதான்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்க கூப்பிடலையே."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் இங்கே பயன்படாது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், காலில் விழச் சொன்னால் விழுந்துவிட்டு வாழ்நாள் முழுக்க வெறுக்கலாம். சிவந்த காதோடு இறால் தின்றுகொண்டிருப்பவனை என்ன செய்வது? குட்டையை மூடுவது யுகேந்திரன் செய்திருக்க வேண்டிய வேலை. அவன் செய்யவில்லை. இவன் மூச்சு நிற்க நிற்கத் தின்று அதையும் செய்து முடித்துவிட்டான். இதிலும் முந்திக்கொண்டான்.

தட்டை மேசைமேல் வைத்துத் துணியை எடுத்தான்.

"தர்ஷிக்கு வந்துடுச்சு மச்சான். இடது பக்கம். நீங்க வரணும்."

திவாகரின் கை கிண்ணத்திலிருந்து விலகியது. "எப்ப?" என்று மட்டும் கேட்டான். எழுந்து கையைக் கழுவினான். பிறகு என்ன நினைத்தானோ, திரும்பி வந்து கிண்ணத்தில் மிச்சமிருந்த ஒரே இறாலையும் எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினான்.

புரட்டாசியில் இடது மார்பை எடுத்தார்கள். அக்குள் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவவில்லை. "தையிலேயே ஏத்தியிருந்தா, இது கடுகா இருக்கும்போதே காவல் பார்த்து முடிச்சிருக்கும்," என்றார் டாக்டர் ரெஜினா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அறையில் இருந்ததே அவனும் அவளும்தான்.

டாக்டர் போனதும் யுகேந்திரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதான்," என்றான்.

"ஆமா," என்றாள் தர்ஷினி. அவன் எதிர்பார்த்தது இல்லை என்ற பதிலை. அவளே தொடர்ந்தாள். "என்னாலயும்தான். என்னை யாரும் கட்டிப் போடல. அண்ணன் ஒரு போன் தூரத்துல இருந்துச்சு. எனக்கும் ஆசையா இருந்துச்சு. எறா திங்க, உங்களக் கட்டிக்க. கட்டுப்படியாகும்னு நெனச்சேன். ஆகல."

அவள் அழவில்லை. கட்டுப் போட்ட பக்கம் கை போகாமல் பார்த்துக்கொண்டாள்.

புண் ஆறியதும் காவல் ஏற்றினார்கள். திவாகர் காலையில் ஒரு கட்டிலில், தர்ஷினி மாலையில் ஒரு கட்டிலில். இந்தத் தடவை யுகேந்திரனும் கூடப் போனான். மச்சானுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான். இரண்டு பேரும் மழையைப் பற்றியும் தீவனத்தைப் பற்றியும் பேசினார்கள். பக்கத்துக் கட்டில்காரர் "இந்தக் காலத்துல இப்படி ஒரு மாப்ள மச்சானா!" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

வீடு திரும்பிய நாலாம் நாள் காலை. அவன் குட்டையில் சோதனைத் தட்டைத் தூக்கி, தீவனம் தின்ற அளவு பார்த்துவிட்டு வந்தான். கையெல்லாம் ஈரம். கொல்லையில் குழாயடிக்குப் போகிறவனைத் தர்ஷினி வழிமறித்தாள்.

"கழுவாதீங்க. இங்க குடுங்க."

"வேண்டாம் தர்ஷி. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

"குடுங்கங்கிறேன்."

அவன் வலது கையைப் பிடித்துத் தன் முழங்கைக்குக் கீழே, உள்பக்கத்து மெல்லிய தோலில் அழுத்தி வைத்துக்கொண்டாள். இருவரும் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்கள். நறுமுகை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் எட்டிப் பார்த்து, "என்னம்மா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றாள். "உங்கப்பாவுக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாக்குறேன்," என்றாள் தர்ஷினி. சக்கரங்கள் தண்ணீரைக் கடையும் சத்தம் தூரத்தில் கேட்டது. வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது.

கையை எடுத்துப் பார்த்தாள். ஈரத் தடம் இருந்தது. அதுவும் காய்ந்தது. தோல் தோலாகவே இருந்தது.

"பாத்தீங்களா!" அவள் முகம் மலர்ந்தது. வருடக்கணக்கில் அவன் பார்க்காத முகம். "ஒண்ணுமே ஆகல. உள்ள காவலும் இருக்கு, நீங்களும் இருக்கீங்க. எங்கண்ணன் செஞ்ச வேலையப் பாத்தீங்களா?"

பார்த்தான். அந்தத் தோலுக்கு உள்பக்கம் மச்சானின் ஆட்கள் தெருவின் இரண்டு பக்கமும் ஒதுங்கி வரிசையாக நின்றார்கள். கம்பைத் தாழ்த்தியிருந்தார்கள். எல்லோருக்கும் திவாகரின் முகம், ஃபிளெக்ஸில் இருந்த அதே முகம். போங்க மாப்ள, போங்க, அண்ணன் சொல்லியிருக்காரு என்று கும்பிட்டுச் சிரித்து வழிவிட்டார்கள்.

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"ஏன், என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல," என்று எழுந்தான். குழாயைத் திறந்து, விரல் விரலாக, நகக்கண் வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தான்.